சாவி பாக்கெட்டில் இருக்கிறது, வண்டி நம்ப மறுக்கிறது: பட்டன் ஸ்டார்ட் கார் முரண்டு பிடித்தால்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மனைவியை இறக்கிவிட்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனதும் மீட்டரில் இரண்டு மூன்று பீப் சத்தம். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. என்ன ஏது என்று பார்க்காமல் கிளம்பிவிட்டேன். வழியில் பெட்ரோல் போடலாம் என்று பங்க்கில் எஞ்சினை அணைத்தேன். அவ்வளவுதான். சாவி அவள் கைப்பையில் விழுப்புரம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சாவி வீட்டு பீரோவில். மைத்துனர் பைக்கில் அதைக் கொண்டுவரும் வரை, பம்ப்பை மறித்து நின்ற காருக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் எல்லோரையும் பார்த்து அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்திக் கிளப்பும் கார் இது. அன்று வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஓடுகிற எஞ்சினைச் சாவி தூரம் போய்விட்டது என்பதற்காக அணைத்தால் நடுரோட்டில் ஆபத்து. அதனால் எச்சரித்துவிட்டு ஓடவிடும். அணைத்த பிறகுதான் கேட்கும், சாவி எங்கே என்று. பழைய காரில் சாவியைத் திருப்பும்போதே வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தச் செய்தி ஒரு சின்ன விளக்காகவும் பீப் ஆகவும் மாறிவிட்டது. சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் எஞ்சினும் சேர்ந்துகொண்டால் குழப்பம் இரட்டிப்பு.

எங்கள் அபார்ட்மெண்டில் இப்படி ஏழெட்டுக் கார்கள். யாருக்காவது வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் என் கதவைத் தட்டுகிறார்கள். பார்த்தவரையில் பத்தில் எட்டுப் புகாருக்குக் காரணம் இரண்டே பாட்டரிகள்: சாவிக்குள் இருக்கும் காசு அளவுப் பாட்டரி, பானெட்டுக்குள் இருக்கும் பெரிய பாட்டரி. கம்ப்யூட்டர் போய்விட்டது, மாட்யூல் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

கைப்பிடி பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை

இந்தக் கார்களில் சாவியே ரிமோட்தான். உடனே அதில் இருக்கும் திறக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். இந்த ஒரு சோதனையே பாதி விடையைச் சொல்லிவிடும். காரணம், காரும் சாவியும் இரண்டு வெவ்வேறு அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன. கைப்பிடியைத் தொட்டதும் கார் குறைந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடும். அந்தக் குரல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் கேட்காது. கேட்ட சாவி விழித்துக்கொண்டு 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பதில் சொல்லும். ரிமோட் பட்டனை நாம் அழுத்தும்போது இந்த இரண்டாவது பாதை மட்டும் வேலை செய்தால் போதும்.

ஆகவே ரிமோட் பட்டன் ஒழுங்காக வேலை செய்து, கைப்பிடி மட்டும் மறுத்தால் சாவி உயிரோடுதான் இருக்கிறது. கார் கூப்பிடுவது அதன் காதில் விழவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போனோடு ஒரே பாக்கெட்டிலா? சில்லறையும் வேறு சாவிக் கொத்தும் சேர்ந்த பையிலா? தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். இன்னொரு கதவின் கைப்பிடி வேலை செய்கிறது என்றால், முதல் கைப்பிடியின் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. சில வண்டிகளில் இந்த வசதியையே மெனுவில் அணைத்து வைக்க முடியும்; வீட்டில் பிள்ளைகள் திரையை நோண்டியிருந்தால் அதையும் பாருங்கள்.

ரிமோட் பட்டனும் வேலை செய்யவில்லை, அல்லது கதவுக்கு ஒட்டி நின்று அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் காசுப் பாட்டரி. பெரும்பாலும் அதுதான்.

அந்த நேரத்தில் உள்ளே போவதற்கு வழி உண்டு. ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து சாதாரண இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவில் சாவித் துவாரம் தெரியவில்லை என்றால் கைப்பிடியின் முனையில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இப்படித் திறந்தால் சில வண்டிகளில் அலாரம் ஊரைக் கூட்டும். பதற வேண்டாம். வண்டி சாவியை அடையாளம் கண்டதும் நின்றுவிடும்.

உள்ளே உட்கார்ந்தாயிற்று, "சாவி இல்லை" என்கிறது

பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து, அந்த ரிமோட்டாலேயே பட்டனை அழுத்துங்கள். சில வண்டிகளில் ஒட்டி வைத்து, ஒரு பீப் வந்த பிறகு விரலால் அழுத்த வேண்டும். இன்னும் சிலவற்றில் இதற்கென்றே கப் வைக்கும் இடத்திலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டிலோ ஓர் இடம் இருக்கும். ரிமோட்டுக்குள் பாட்டரியே தேவைப்படாத ஒரு சில்லு தனியாக உண்டு. பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து மின்சாரத்தைக் கடன் வாங்கித் தன் எண்ணைச் சொல்லிவிடும். அதனால் பாட்டரி முழுதாகச் செத்த சாவியும் வண்டியைக் கிளப்பும். உங்கள் வண்டியில் அந்த இடம் எது என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள். மழை ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடும் பக்கம் அல்ல அது.

பாட்டரி புதிது, ஆனாலும் இந்தச் செய்தி அடிக்கடி வருகிறதா? போனை வைத்து சார்ஜ் செய்யும் வயர்லெஸ் தட்டைச் சந்தேகியுங்கள். அது வேலை செய்வது சுமார் 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரை. கார் சாவியைக் கூப்பிடும் 125 அதற்கு நடுவிலேயே விழுகிறது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுவது போலத்தான். எங்கள் எதிர் பிளாக்கில் ஒருவர், சாவியை வழக்கமாக அந்தத் தட்டுக்கு அருகில் உள்ள குழியில் போட்டுவிட்டு, இரண்டு மாதம் சர்வீஸ் சென்டருக்கு நடந்தார். சாவியைச் சட்டைப் பைக்கு மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

காசுப் பாட்டரி மாற்றியும் சரியாகவில்லை

பழைய பாட்டரியின்மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். சிஆர்2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்" என்று சிஆர்2025 கொடுத்தால் அது 2.5 மில்லிமீட்டர்தான். உள்ளே உட்காரும், வேலையும் செய்யும், ஆனால் சாவி கீழே விழும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். "சில நேரம் திறக்குது, சில நேரம் திறக்கல" என்ற புகாருக்கு இந்த 0.7 மில்லிமீட்டர் நல்ல காரணம்.

திறக்கும்போது இரும்புச் சாவியை உருவிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரை அதில் விட்டு மெல்லத் திருகினால் ஓடு இரண்டாகப் பிரியும். கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பாட்டரியை எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தகரச் சுருள் முள்ளை நிமிர்த்த வேண்டாம். உடைந்தால் ரிமோட்டே போச்சு. குழந்தைகள் விழுங்கக்கூடாது என்று சில பாட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசி வருகிறது. அந்தப் பூச்சு முள் தொடும் இடத்தில் இருந்தால் மின்சாரம் போகாது. உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், அல்லது பூச்சில்லாததை வாங்குங்கள். கழற்றிய பழைய பாட்டரியை மேஜையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டைக்குழாயைப் பொசுக்கிவிடும். தீர்ந்துபோன பாட்டரியும் பொசுக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டரி தீர்கிறது என்றால் சாவி மாட்டும் ஆணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தனி வீட்டில் போர்ட்டிகோவில் கார், சுவருக்கு உள்பக்கம் சாவி. இரண்டுக்கும் நடுவே ஓர் அடி செங்கல். ராத்திரி முழுவதும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். சாவியின் பாட்டரியும் தீரும், காரின் பாட்டரியும் இறங்கும். ஆணியை உள் அறைக்கு மாற்றினால் போதும்.

விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை

கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனால் முதல் கேள்வி: பிரேக்கை முழுதாக மிதித்தீர்களா? கியர் வண்டி என்றால் கிளட்சை? எஞ்சின் அணைந்த நிலையில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் உள்ளிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். மிதித்ததாக நமக்குத் தோன்றும், ஸ்விட்ச் வரை பெடல் இறங்கியிருக்காது. எழுபது வயதைத் தாண்டிய என் மாமனார் "வண்டி மக்கர் பண்ணுது மாப்பிள்ளை" என்று போன் செய்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். இரண்டு காலாலும் அழுத்தச் சொல்வேன், கிளம்பிவிடும்.

அழுத்தி மிதித்தும் இல்லை என்றால், பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் ஸ்விட்ச் அல்லது அதன் ஃபியூஸ். நீங்கள் மிதிப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை. ஹூண்டாய் கையேடுகளில் இதற்கு ஒரு பின்வாசல் எழுதியிருக்கிறார்கள்: ஃபியூஸ் போயிருந்தால், பட்டனை ஏசிசி நிலையில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) வைத்துவிட்டு 10 நொடி அழுத்திப் பிடித்தால் கிளம்பும். ஆனால் பிரேக் விளக்கு இல்லாத வண்டியை நேராகப் பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் ஓட்டுங்கள், ஊர் சுற்றாதீர்கள்.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தாலும் கிளம்பாது. இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் பி-யில் (பார்க்கிங்) கிளம்பவில்லை என்றால் என்-னில் (நியூட்ரல்) முயன்று பாருங்கள்.

பட்டனை அழுத்தியதும் டிக்டிக்டிக் என்று சத்தம் வந்து மீட்டர் விளக்குகள் மங்கினால் பெரிய பாட்டரி. அதற்கு மேல் சோதனை தேவையில்லை, இன்னொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கும் ஜம்ப் கேபிளை எடுங்கள். சிவப்பை பிளஸ்ஸில் மாட்டுங்கள். கருப்பை நம் வண்டியின் மைனஸ் டெர்மினலில் மாட்டாமல், எஞ்சினில் அல்லது பாடியில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கடியுங்கள். பாட்டரி பக்கத்தில் தீப்பொறி பறக்கக்கூடாது என்பது பழைய காரணம். புதிய காரணம் ஒன்றும் இருக்கிறது, அடுத்ததில் சொல்கிறேன்.

சிக்னலில் எஞ்சின் அணைவதே இல்லை

எனக்கு அதிகம் வரும் புகார் இது. இதில் பாதி புகாரே அல்ல.

எஞ்சின் தானே அணைவதற்கு ஒரு பெரிய பட்டியலே சரியாக இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். டிரைவர் பெல்ட் போட்டிருக்க வேண்டும். கதவும் பானெட்டும் சாத்தியிருக்க வேண்டும். வண்டி கொஞ்ச தூரமாவது ஓடியிருக்க வேண்டும். ஸ்டீயரிங் ரொம்பத் திரும்பியிருக்கக் கூடாது, சாலை ரொம்பச் சரிவாக இருக்கக் கூடாது. டீசல் வண்டியில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் அணையாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் "இப்போ வேண்டாம்" என்று இருந்துவிடும்.

நம் ஊரில் முக்கியமான காரணம் ஏசி. பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸரை எஞ்சினின் பெல்ட்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் வெறும் காற்றுதான் வரும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் ஏசியைக் கடைசி எண்ணில் வைத்துக்கொண்டு எஞ்சின் அணையவில்லையே என்று கவலைப்பட்டால், வண்டி நம்மைவிட விவரம் என்றுதான் சொல்ல வேண்டும். சோதிப்பது சுலபம். விடிகாலை ஆறு மணிக்கு ஏசி இல்லாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு ஒரு சிக்னலில் நில்லுங்கள். அணைந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. போய் டிபன் சாப்பிடுங்கள்.

அப்போதும் அணையவில்லை, ஒரு வாரமாகவே அணையவில்லை என்றால் கவனியுங்கள். பாட்டரியில் சார்ஜ் குறைந்தால் முதலில் வேலையை நிறுத்துவது இந்த வசதிதான். அணைத்துவிட்டு மறுபடி கிளப்ப முடியாமல் போய்விடுமோ என்று அதற்குப் பயம். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் திணறத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே இது கையைக் கட்டிக்கொள்ளும். நான் இதை எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வசதியாகப் பார்ப்பதைவிட பாட்டரிக்கு நாடி பார்க்கும் வைத்தியராகத்தான் பார்க்கிறேன்.

மல்டிமீட்டர் இருந்தால் வண்டியை இரண்டு மூன்று மணி நேரம் சும்மா நிறுத்திவிட்டு அளவெடுங்கள். 12.6 வோல்ட்டும் மேலும் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 வந்தால் பாதிதான் இருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் நாளைக் காலை ஆபீஸுக்கு ஆட்டோ சொல்லி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இருப்பது வழக்கம். ஆனால் இந்த வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தேவை பார்த்துத் தானே சார்ஜைக் குறைக்கும், நடுவில் 12.8 காட்டினாலும் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். தினம் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், திரும்பி மூன்று கிலோமீட்டர், கூடவே ராத்திரி முழுக்க விழித்திருந்து படம்பிடிக்கும் டேஷ்கேம் கேமரா என்றால் எந்தப் பாட்டரியும் நிறையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

டேஷ்கேம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கார்களில் மைனஸ் டெர்மினலின் மேலேயே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருப்பு உறுப்பு, அதில் மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும். பாட்டரிக்குள் போகும் வரும் கரண்டையெல்லாம் கணக்கெழுதும் கணக்குப்பிள்ளை அது. ஆக்சஸரீஸ் கடைப் பையன் டேஷ்கேமின் எர்த் ஒயரை நேராக டெர்மினலில் முறுக்கிவிட்டால், அந்தச் செலவு கணக்கில் ஏறாது. ஜம்ப் கேபிளின் கருப்பு முனையைப் பாடியில் கடிக்கச் சொன்னதும் இதனால்தான்.

பாட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து அணையவில்லையா? என்ன பாட்டரி போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கிளப்ப வேண்டிய வண்டிக்கு அதைத் தாங்கும் இஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகைதான் வரும், விலை கூடுதல். அதே அளவில் சாதாரணப் பாட்டரியை மலிவாகப் போட்டால் சில மாதம் ஓடும், அப்புறம் கதை முடியும். மூன்றாவது மாடி நண்பர் அப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்து, ஒரு வருஷத்தில் புதுப் பாட்டரியாக இரட்டைச் செலவு செய்தார். சரியான பாட்டரி போட்டும் அணையவில்லை என்றால், சில வண்டிகளில் புதுப் பாட்டரி வந்ததை ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். சிலவற்றில் தானே கற்றுக்கொள்ளும்: ஹூண்டாய் வண்டிகளில் சுமார் நான்கு மணி நேரம் எதையும் போடாமல் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று முறை எஞ்சினைப் போட்டு அணைக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாத இடத்தில் அணைகிறது

நத்தை வேகப் போக்குவரத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக அழுத்தாமல் லேசாகப் பிடித்தால் பல வண்டிகள் அணையாது. கியர் வண்டி நியூட்ரலில் போட்டுக் கிளட்சை விட்டால்தான் அணையும். பிடிக்கவில்லையென்றால் வட்ட அம்புக்குறிக்குள் ஏ போட்ட பட்டனை அழுத்தி வைத்துவிடலாம். அடுத்த முறை வண்டி எடுக்கும்போது மறுபடி தானே ஆன் ஆகியிருக்கும். அது பழுதில்லை, மைலேஜ், புகைச் சோதனைகள் அந்த வசதி இயங்கும் நிலையில் நடந்தவை, அதனால் அப்படியே தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் இந்த வசதியைக் கட்டாயம் அணைத்துவைப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் நுழையும்முன். சைலன்ஸர் வாய்வரை தண்ணீர் நிற்கும் இடத்தில் எஞ்சின் தானாக நின்று, தானாகக் கிளம்பும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் நின்றது என்று இறங்கிவிட்டேன், வண்டி கத்துகிறது

நீங்கள் அணைக்கவில்லை, அது அணைந்தது. வாசலில் வந்து பிரேக் மிதித்ததும் தானே நின்றிருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தால் வண்டி அலறும். சில வண்டிகளில் எஞ்சின் சட்டென்று மறுபடி கிளம்பும், சிலவற்றில் கிளம்பாமல் இக்னிஷன் மட்டும் ஆனிலேயே கிடக்கும். அப்படியே போய்விட்டால் காலையில் பாட்டரி காலி. எனக்கு இப்போது பழக்கம் இதுதான்: ஹேண்ட்பிரேக், பட்டன், மீட்டர் இருண்டதா என்று ஒரு பார்வை, பிறகு கதவு.

இதன் மறுபக்கம் ரொம்ப ஆபத்தானது. ஓடும் எஞ்சின் சத்தம் கேட்காமல், சாவியோடு வீட்டுக்குள் போய்விடுவது. திறந்த போர்ட்டிகோவில் பெட்ரோல் வீண், அவ்வளவுதான். ஷட்டர் போட்ட கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, தூங்குகிறவர் எழமாட்டார். அமெரிக்காவில் பட்டன் கார்களால் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

ஓடும்போது அவசரமாக எஞ்சினை அணைக்க நேர்ந்தால் ஒருமுறை தட்டினால் கேட்காது. இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது மூன்று முறை வேகமாகத் தட்ட வேண்டும். ஹூண்டாய், டொயோட்டா இரண்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனக்கும்.

வாட்டர் வாஷ் செய்யும்போது கண்ணாடிகள் தானே மடங்கி விரிகின்றன

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் மேலே ஓடிவந்து, "சார், உங்க வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு" என்றார். கீழே போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தம்பி கால்சட்டைப் பையில் என் சாவியை வைத்துக்கொண்டு குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியில் தொடு உணரி. தண்ணீர் பட்டதும் யாரோ தொட்டதாக நினைத்துப் பூட்டியது, திறந்தது, மறுபடி பூட்டியது. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிகள் மடங்கி விரிந்தன. சாவியை வாங்கி நன்றாகத் தள்ளிப் படிக்கட்டில் வைத்தேன், நின்றது. வாட்ச்மேன் அண்ணன் இன்றுவரை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்.